இறைச்சி இல்லாத பஸ்தீட்சியோ: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

கிரேக்கத்தின் தெசலோனிக்கியில் குளிர் தொடங்கிவிட்டது என்றும், தோழிகளுக்கு இறைச்சி சேர்க்காத பஸ்தீட்சியோ, அதாவது மக்ரோனியை அடுக்கி மேலே வெள்ளைச் சாஸ் ஊற்றிச் சுடும் அந்த ஊர் உணவு, செய்துபோட வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். கிரேக்க முதலாளியின் கப்பலில் சமையற்காரனாக இருந்த காலத்தில் ஞாயிறுதோறும் அந்தத் தட்டை அடுப்பில் ஏற்றியவன் நான். ஆனால் கறி இல்லாமல் செய்யப் பழகியது ஓய்வுபெற்ற பிறகுதான்.

மரபை மீறுகிறோமோ என்று தயங்காதே. பெயரே இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. முன்பு மாவுத்தாளுக்குள் பொதிந்து சுட்டதை, மேலே வெள்ளைச் சாஸ் ஊற்றும் இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சு முறையில் மோகம் கொண்ட செலெமெந்தெஸ் என்ற சமையற்கலைஞர். அதுவும் 20ஆம் நூற்றாண்டில்தான். ஈஸ்டருக்கு முன் வரும் பெரிய நோன்புக்கு முந்தைய பாலாடைக்கட்டி வாரத்தில் இறைச்சி விலக்கு, பாலும் முட்டையும் உண்டு என்பது அங்கே திருச்சபையின் விதி; நீ செய்யப்போவது அதற்கும் பொருந்தும்.

கறிக்குப் பதில் சோயாவை உதிர்த்துப் போடச் சொல்வார்கள், கேட்காதே. அங்கே ஃபக்கெஸ் என்று விற்கும் பழுப்புப் பருப்பில், அதாவது நம் ஊர்த் தோலுள்ள மைசூர்ப் பருப்பின் உறவுக்காரியில், 250 கிராமைக் குழையாமல் வேகவைத்து வடித்துக்கொள். 400 கிராம் காளானைப் பொடியாக நறுக்கி, எண்ணெய் விடாமல் அதன் தண்ணீர் வற்றும்வரை வதக்கி, அதற்குப் பிறகே ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் பூண்டும் சேர். 400 கிராம் தக்காளி, அரைக் குவளை சிவப்பு ஒயின், ஒரு துண்டுப் பட்டை, இரண்டு கிராம்பு, ஒரு பிரிஞ்சி இலை, வடித்த பருப்பு எல்லாம் சேர்ந்து கொதிக்கட்டும். கரண்டியால் நடுவே கோடு இழுத்தால் அந்தக் கோட்டில் நீர் ஓடிவந்து நிரம்பக் கூடாது; அதுவே பதம். பட்டையைக் குறைத்துவிடாதே, அந்த மணம் இல்லாவிட்டால் அது வெறும் தக்காளி மக்ரோனி. கத்தரிக்காயும் வேண்டாம், அது முசாக்கா என்ற இன்னொரு கிரேக்க அடுக்கு உணவுக்கு உரியது.

பஸ்தீட்சியோவுக்கென்றே 2 என்ற எண் போட்ட நீளக் குழல் மக்ரோனி கடையில் இருக்கும். 500 கிராமை, உறையில் போட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே வடித்து, சூடு தணிந்ததும் இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவும் ஒரு பிடி துருவிய கெஃபலோதீரி என்ற கெட்டிப் பாலாடைக்கட்டியும் கலந்து, குழல்கள் எல்லாம் ஒரே திசையில் கிடக்கும்படி பாதியைத் தட்டில் அடுக்கு. அதன்மேல் பருப்புக் கலவை, பிறகு மீதிக் குழல்கள். மரபுப்படி செய்யும் கெஃபலோதீரியில் பால் உறைவதற்குக் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பைப் பொருளைச் சேர்ப்பதுண்டு. தோழிகளில் அதையும் பார்ப்பவர் இருந்தால், நுண்ணுயிர் உறைபொருள் என்று உறையில் எழுதியிருக்கும் கெட்டிப் பாலாடைக்கட்டியை வாங்கு.

வெள்ளைச் சாஸுக்கு 120 கிராம் வெண்ணெயில் 120 கிராம் மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, ஒரு லிட்டர் சூடான பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டியில்லாமல் கிளறு. இறக்கி ஆறவிட்ட பிறகு ஜாதிக்காய்த் துருவலும் இரண்டு மஞ்சள்கருவும் சேர். கொதிக்கையில் சேர்த்தால் கரு திரிந்துவிடும். பாலாடைக்கட்டியிலேயே உப்பு இருப்பதால் உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடு. இதைக் குழல்களின் மேல் ஊற்றிச் சுட்டால், 180 டிகிரியில் முக்கால் மணி நேரத்தில் மேல்பரப்பு பொன்னிறமாகப் புள்ளி விடும். உன் அடுப்பு மேலே கருக்கும் என்றாயே, கீழ்த்தட்டில் வை.

எடுத்த உடனே வெட்டாதே. பிரேயஸ் துறைமுகத்தில் நின்றிருந்த ஒரு நாள், பசியில் மாலுமிகள் அவசரப்படுத்தியதால் கொதிக்கக் கொதிக்கக் கத்தி வைத்தேன். தட்டு முழுவதும் கஞ்சியாக ஓடிவிட்டது, கரண்டியால் அள்ளித்தான் கொடுத்தேன். முக்கால் மணி நேரமாவது ஆறட்டும். குழல்களுக்குக் குறுக்கே வெட்டினால் பக்கவாட்டில் தேன்கூட்டைப் போல வட்டத் துளைகள் வரிசையாகத் தெரியும். அப்படித் தெரிந்ததா என்று எழுது.

அன்புடன்,
அப்பா