ஷ்வேவா மேல் போட்ட பழி

ரங்கூன்
ஆடி முதல் வெள்ளி, 2025

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டியில் வலி, வாயில் இல்லை. கடை ஓடுகிறது என்று சொல்ல முடியாது, நடக்கிறது. பீலிக்கான் கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை பண்ணியாயிற்று. தேங்காய் அழுகல். ஆள் யாரென்று அம்மனுக்குத் தெரிந்துவிட்டது என்கிறான் மாரி. வியாசர்பாடியில் விற்கிற அத்தோ நூடுல்ஸில் நம்மூர் ருசி இல்லை என்று மூன்று பக்கம் அழுதிருந்தாய். நான் இப்போது பூனை மூத்திரத்தைப் பற்றி அழப் போகிறேன், கணக்கு சரியாகிவிடும்.

மார்ச் 28 நிலநடுக்கத்தில் மாண்டலேயில் தம்பி வீட்டுச் சுவர் பிளந்ததைப் போனிலேயே சொன்னேன். ஏப்ரலில் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டான். அவன், அவன் சம்சாரம், ஏழு வயசுப் பயல், இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு மஞ்சள் கடுவன். பேர் ஷ்வேவா, பர்மியத்தில் தங்க மஞ்சள். இந்த நாட்டில் மஞ்சள் பூனைக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்! நம் வீட்டுப் பூனை ராணிக்கு அன்றிலிருந்து முகம் சரியில்லை. உன் தங்கச்சிக்கும்தான், ஆனால் அவள் ராணியைவிட நாசூக்கு.

வந்த இரண்டாம் வாரம் ஆரம்பித்தது. மணல் தொட்டி இருக்க, அரிசி மூட்டைக்குப் பின்னால், என் செருப்பில், கடைசியில் பயலின் மெத்தையில். "ஊரை விட்டுக் கூட்டிவந்த கோபம், பழி வாங்குது" என்றாள் அம்மா. நானும் நம்பினேன். செருப்பு என்னுடையது அல்லவா? காதைப் பிடித்து இழுத்துப்போய் ஈரத்தில் மூக்கை வைத்துத் தேய்த்தேன், ஒரு முறை அல்ல. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இன்லே ஏரி மடத்துப் பூனையெல்லாம் ஒரு காலத்தில் வளையத்துக்குள் குதித்தது, உனக்கு ஒரு தொட்டிக்குள் குதிக்க வலிக்கிறதா என்று வேறு கேட்டேன். வலிக்கத்தான் செய்திருக்கிறது. அது அப்புறம்.

அம்மா ஃபினாயில் ஊற்றிக் கழுவுவாள், பூனை அதே இடத்தில் மறுபடி போகும். ஒரு நாள் கரண்ட் இல்லாத ராத்திரியில், கடையில் கள்ளநோட்டு பார்க்கிற ஊதா டார்ச்சை எடுத்துவந்து அடித்துப் பார்த்தேன். மூத்திரம் பட்ட இடம் அந்த வெளிச்சத்தில் மஞ்சள் பச்சையாய் மினுங்கும். கழுவியாயிற்று என்று நினைத்த இடமெல்லாம் மினுங்கியது. வாசல் சுவரில் முழங்கால் உயரத்திலிருந்து கோடு கோடாய் வழிந்திருந்தது. மூட்டைப் பக்கம் உள்ளங்கை அளவில் நாலைந்து வட்டம். பயலின் மெத்தை நடுவில் மட்டும் முறம் அளவுக்கு ஒன்று. எந்தப் பூனைக்கும் அவ்வளவு கொள்ளளவு கிடையாது, கணேசா. நான் உன் தங்கச்சியைப் பார்த்தேன், அவள் டார்ச்சை அணைத்தாள். அன்றைக்கு யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. விடிந்ததும் மெத்தை பால்கனி வெயிலுக்குப் போனது, "பாழாய்ப்போன பூனை" என்று அம்மா திட்டினாள். பயல் தலையைத் தூக்கவே இல்லை.

போன மாதம் ஒரு வியாழன் ராத்திரி. ஷ்வேவா தொட்டிக்குப் போனான், குந்தினான், எழுந்தான். ஓரமாய்ப் போய்க் குந்தினான். அப்புறம் என் காலடியிலேயே. அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல். குனிந்து பார்த்தேன், தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. வயிற்றைத் தொட்டால் எலுமிச்சங்காய் மாதிரி கல்லாய் இருந்தது. இந்தக் காலத்தில் நடுராத்திரியில் தெருவில் இறங்க முடியாது, உனக்குத் தெரியும். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி இருக்கும், பயல் எழுந்து வந்தான். "பெரியப்பா, மெத்தையில போனது நான்தான். ஷ்வேவா இல்ல. அது சாகப் போகுதா?" என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை. அவனையும் மடியில் இழுத்துப்போட்டுக்கொண்டேன். விடிகிறவரை மூன்று பேரும் அப்படியே.

விடிந்ததும் டாக்ஸி பிடித்து ஓடினோம். பூனை மருத்துவர், இங்கே மரியாதையாய் ஸயாமா என்போம், சின்னப் பெண். வயிற்றை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு நேராய் மேஜைக்குத் தூக்கிப்போனாள். கடுவன் பூனைக்கு மூத்திரக் குழாய் மிக மெலிதாம். சளியும் மணல் மாதிரிப் படிகமும் சேர்ந்து அடைத்துவிட்டால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடுமாம். மூன்று நாள் டியூப் போட்டு வைத்திருந்தாள். பில்லை உனக்குச் சொல்ல மாட்டேன், மாரிக்குச் சொல்லிவிடுவாய்.

மூக்கைத் தேய்த்த கதையை நானே அவளிடம் சொன்னேன். திட்டவில்லை, அது இன்னும் மோசம். பூனைக்குப் பழிவாங்கத் தெரியாது என்றாள். பயத்திலும் இடமாற்றத்திலும் சில பூனைகளுக்கு மூத்திரப்பை புண்ணாகிவிடும், குந்தும்போதெல்லாம் எரியும், எரிச்சலைத் தொட்டிதான் கொடுக்கிறது என்று நினைத்து வேறு இடம் தேடும். சுவரில் வழிந்தது வேறு விஷயம், அது ராணிக்கு எழுதிய எல்லைக் கடிதம். காயடித்தால் பத்துக் கடுவனில் ஒன்பது அதை விட்டுவிடுமாம். காயடித்தாயிற்று. தம்பிதான் ஏனோ முகம் சுளித்தான்.

"தொட்டி எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். பாத்ரூமில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில். அப்போதுதான் உறைத்தது. கரண்ட் வந்த நிமிஷம் எல்லோரும் ஓடிப்போய் மோட்டாரைப் போடுகிறோம். பூமி ஆடியதைப் பார்த்துவிட்டு வந்த ஜீவன், அது குந்தியிருக்கிற நேரத்தில் பக்கத்தில் தரை அதிர்ந்து கர்ர்ர் என்றால் என்ன செய்யும்?

இப்போது இரண்டு பூனைக்கு மூன்று தொட்டி. துணி ஊறவைக்கிற அகலப் பேசின்தான், மூடி இல்லை. உன் தங்கச்சி ஆசையாய் வாங்கிய வாசனை மணலைத் தூக்கிப்போட்டுவிட்டு, வாசனை இல்லாத பொடி மணல். காலையும் மாலையும் அள்ளுவது பயலின் வேலை, அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். மீனை உப்பில்லாமல் வேகவைத்து, தண்ணீரோடு பிசைந்து வைக்கிறோம், மூத்திரம் நீர்த்துப் போகவேண்டுமாம். ஃபினாயிலுக்குத் தடை. நாற்றத்தையும் போக்காது, பூனைக்கு விஷமும்கூட. அம்மாவுக்கு இதில்தான் மனவருத்தம், ஐம்பது வருஷப் பழக்கம். என்சைம் கலந்த திரவம் ஒன்று இருக்கிறது, அதுதான் கறையை உடைக்குமாம். இங்கே கிடைத்த ஒரு புட்டி தீர்ந்துவிட்டது. மாரியின் மச்சான் அடுத்த மாதம் சென்னை வருகிறான், இரண்டு புட்டி கொடுத்தனுப்பு. மூடியை நன்றாக இறுக்கு, ஊறுகாய் அனுப்பிய மாதிரி பண்ணாதே.

இருபது நாளாய் ஷ்வேவா ஒழுங்கு. பயலுக்கு இன்னும் வாரத்தில் ஒரு நாள் உண்டு. யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மெத்தையைத் தூக்கி வெயிலில் போடுகிறோம், மழை நாளில் ஃபேனுக்கடியில். அவனுக்கு எழுதினால் இதைக் கேட்காதே, பூனையைப் பற்றிக் கேள்.

கரண்ட் வந்துவிட்டது, மோட்டார் போடவேண்டும். பதிலை இரண்டு மாதம் இழுக்காதே, அந்த உரிமை எனக்குத்தான்.

உன்
துரை