உன் படத்தில் இருப்பது வெண்தலைக் கழுகின் குஞ்சு

அன்புள்ள கண்ணம்மா,

மேரிலாந்தின் கோனோவிங்கோ அணையில் நீ எடுத்த படங்களை அப்பாவும் நானும் டிவியில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தோம். "வெள்ளைத் தலைக் கழுகு ஒன்றுகூடச் சிக்கவில்லை, பழுப்பாக ஒரு கோல்டன் ஈகிள்தான் கிடைத்தது" என்று எழுதியிருந்தாய். கிடைத்திருக்கிறது, கண்ணு. மூன்றாவது படத்தில் இருப்பது வெண்தலைக் கழுகுதான். தலை இன்னும் வெளுக்காத இளசு.

தலையும் வாலும் முழுதாக வெளுக்க ஏறக்குறைய 5 வயதாகும். முதல் வருடம் உடம்பு கரும்பழுப்பு, அலகும் கறுப்பு. பிறகு இறகு உதிர்ந்து முளைக்க முளைக்க, வயிற்றிலும் முதுகிலும் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளை வரும். அலகும் கண்ணும் மெல்ல மஞ்சளாகும். நான்கு வயதில் தலை வெளுத்தாலும் கண்ணை ஒட்டி ஒரு கருங்கோடு நிற்கும். அப்போதுதான் பலர் அதை விராலடிப்பான் (மீன் பிடிக்கும் ஆஸ்ப்ரே பறவை) என்று நினைத்துவிடுவார்கள். இன்னொன்று, முதல் வருடக் குஞ்சின் சிறகும் வாலும் பெரிய பறவையுடையதைவிட நீளம். அதனால் பெற்றோரைவிடப் பெரிதாகவே தெரியும்.

உன் படத்தில் எனக்குச் சந்தேகமே வராததற்குக் காரணம் அக்குள். சிறகு உடம்போடு சேரும் இடம் வெளுத்திருக்கிறது, சிறகின் உள்பக்கமும் ஒழுங்கில்லாமல் வெள்ளை சிதறிக் கிடக்கிறது. கோல்டன் ஈகிள் குஞ்சுக்கும் வெள்ளை உண்டு. ஆனால் அது பறக்கும் இறகுகளின் அடியில் தெளிவான திட்டாக இருக்கும், அக்குளுக்கு வராது. அந்தக் குஞ்சின் வாலுக்கு அடிப்பகுதி வெள்ளை, நுனியில் கரும்பட்டை. மரத்தில் உட்கார்ந்திருந்தால் காலைப் பார். கோல்டன் ஈகிளுக்கு விரல் வரை இறகு மூடியிருக்கும். வெண்தலைக் கழுகுக்குக் காலின் கீழ்ப்பகுதி வெறும் மஞ்சள். தலையும் அலகும் பெரிது என்பதால் பறக்கும்போது கழுத்து நன்றாக முன்னே நீண்டு தெரியும். அதோடு இடத்தையும் யோசி: மேரிலாந்துப் பக்கம் கோல்டன் ஈகிள் குளிர்காலத்தில் கொஞ்சமாக வரும், அதுவும் பெரும்பாலும் மலைத்தொடரை ஒட்டித்தான். மீன் கிடைக்கும் அணைக்கட்டில் பழுப்புக் கழுகைக் கண்டால் முதலில் வெண்தலைக் கழுகின் குஞ்சு என்றே நினைக்கலாம்.

தூரத்தில் நிறம் தெரியாதபோது பறக்கும் விதத்தைப் பார். வெண்தலைக் கழுகு சிறகைத் தட்டையாக விரித்து ஆடாமல் மிதக்கும். டர்க்கி வல்ச்சர் என்கிற பிணந்தின்னிக் கழுகு சிறகை மேல்நோக்கித் தூக்கி, இப்படியும் அப்படியும் தள்ளாடும். விராலடிப்பானுக்கு வயிறு வெள்ளை, சிறகு நடுவில் மடங்கியிருக்கும். குரலை நம்பித் தேடாதே. சினிமாவில் கழுகுக்குப் போடும் அந்த நீண்ட கிறீச்சிடல் பெரும்பாலும் ரெட் டெயில்ட் ஹாக் என்கிற வேறொரு பறவையுடையது. வெண்தலைக் கழுகு இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு மெல்லிய கீச்சுக் குரலில்தான் கத்தும்.

ஊரில் கிருஷ்ணப் பருந்தைக் கண்டால் பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்வாரே, அவரும் வெள்ளைத் தலையையும் செம்மண் நிற உடம்பையும்தான் பார்ப்பார். அதன் பழுப்புக் குஞ்சு தலைக்கு மேலேயே வட்டமடித்தாலும் வெறும் பருந்து என்று விட்டுவிடுவார்.

நீ ஏமாந்தது போல எழுதியதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை. பழுப்புக் குஞ்சைப் பார்த்தால் நான் அதிகம் சந்தோஷப்படுவேன். சார்லஸ் ப்ரோலி என்று ஒருவர், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் 1939-இல் தொடங்கி, ஃப்ளோரிடாவில் உயரமான மரங்களில் ஏறிக் கழுகுக் குஞ்சுகளுக்குக் கால் வளையம் மாட்டினார். ஆரம்பத்தில் ஒரே வருடத்தில் நூற்றுக்கும் மேல் கிடைத்தன. 1950-களின் கடைசியில் ஒன்றிரண்டுகூடக் கிடைப்பது அரிதாகிவிட்டது. பெரிய கழுகுகள் அப்போதும் இருந்தன, கூடும் இருந்தது, குஞ்சுதான் இல்லை. டிடிடி பூச்சிமருந்து மீன் வழியாக உடம்பில் ஏறி முட்டை ஓட்டை மெலிய வைத்தது. 1963-இல் அலாஸ்காவை விட்டுவிட்டுக் கணக்கெடுத்தால் நாடு முழுக்க 417 ஜோடிதான். 1972-இல் டிடிடிக்குத் தடை வந்தது. அதே பகுதியில் 2019 கணக்கில் 71,000 ஜோடிக்கு மேல். உன் படத்தில் இருப்பது அப்படி மீண்டு வந்த கூட்டத்தின் பிள்ளை.

இங்கே அயோவாவில் டேவன்போர்ட் பக்கம் ஜனவரியில் மிசிசிப்பி ஆறு உறைந்துவிடும். 14-ஆம் எண் அணைக்குக் கீழே மட்டும் தண்ணீர் உறையாமல் ஓடும், கழுகெல்லாம் அங்கே வந்துவிடும். உங்கள் அணையில் நவம்பர்தான் கூட்டம். அணையின் மின்நிலையம் ஓடும்போது அடிபட்டு மயங்கும் மீனை எடுக்க வருகின்றன, அதனால் தண்ணீர் திறக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போ. 8×42 பைனாகுலர் போதும். அங்குள்ள கரும்பிணந்தின்னிக் கழுகுகள் கார் வைப்பர் ரப்பரைப் பிய்த்துவிடும், பார்த்து நிறுத்து.

கூடு கண்ணில் பட்டால் 330 அடிக்குள் போகாதே. இறகு கீழே கிடந்தாலும் எடுக்காதே, வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். அடுத்த முறை கால் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறதாம்.

அன்புடன்,
அம்மா