'ஜூனோ'வை மகளோடு பார்க்கலாமா?

அன்புள்ள அக்கா,

'ஜூனோ' படத்தை மகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பதினாறு வயதுப் பெண் வயிற்றில் பிள்ளையோடு நிற்கிற கதையில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கோபமாக ஒரு வரியும் சேர்த்திருந்தீர்கள். கோபம் நியாயமானதுதான். ஆனாலும் தாராளமாகப் பார்க்கலாம் என்பதே என் பதில். காரணம் சொல்ல வேண்டுமென்றால் கதையை முடிவு வரை சொல்ல வேண்டியிருக்கும். பரவாயில்லை, மகளோடு பார்க்கப்போகிறவர் நீங்கள், முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

2007இல் வந்த படம். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் நடக்கும் கதை. ஜேசன் ரைட்மேன் இயக்கியிருக்கிறார். எழுதியவர் டியாப்லோ கோடி. படமான அவருடைய முதல் திரைக்கதையே இதுதான், அதற்கே ஆஸ்கர் வாங்கினார். ஜூனோவாக எலியட் பேஜ்.

தொடக்கத்தில் ஜூனோ ஒரு கடைக்குள் போய்க் கர்ப்பச் சோதனை செய்துபார்க்கிறாள். அன்றைக்கு அது மூன்றாவது சோதனை. கூட்டல் குறி வந்துவிடுகிறது. கையிலிருக்கும் குச்சியை உதறுகிறாள், உதறினால் குறி அழிந்துவிடும் என்பதுபோல. கடைக்காரர் கிண்டல் செய்கிறார், அவளும் பதிலுக்குப் பதில் பேசுகிறாள். நாமும் சிரித்துவிடுவோம். ஆனால் அந்த உதறலைக் கவனியுங்கள் அக்கா. படம் முழுக்க அவளுடைய வாய்த்துடுக்கு இப்படித்தான், பயத்தை மறைக்க வருகிறது. முதல் இருபது நிமிடத்தில் இந்தத் துடுக்கு கொஞ்சம் திகட்டும், எந்தப் பெண்ணும் இவ்வளவு சாமர்த்தியமாகப் பேசமாட்டாள் என்று தோன்றும். அங்கே நிறுத்திவிடாதீர்கள்.

கருக்கலைப்பு செய்யத்தான் முதலில் போகிறாள். வாசலில் பதாகையோடு நிற்கும் வகுப்புத் தோழி, குழந்தைக்கு நகம்கூட முளைத்திருக்கும் என்கிறாள். உள்ளே போய் உட்கார்ந்தால் சுற்றி இருப்பவர்களின் விரல் நகங்களே கண்ணில் படுகின்றன, அவை தட்டும் ஓசையே காதில் விழுகிறது. எழுந்து ஓடிவந்துவிடுகிறாள். கருக்கலைப்புக்கு எதிரான படம் என்று இதை வைத்துச் சிலர் குறை சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முடிவை அவள்தான் எடுக்கிறாள், யாரும் அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பெற்றுத் தத்துக் கொடுப்பது என்று தீர்மானித்து, விளம்பரம் பார்த்து ஒரு தம்பதியையும் தேர்ந்தெடுத்த பிறகுதான் வீட்டில் சொல்கிறாள்.

அந்த வீட்டுக் காட்சிக்காகவே நீங்கள் இதைப் பார்க்க வேண்டும். அப்பா மாக், சித்தி பிரென். கூப்பாடு, அடி, வீட்டை விட்டுப் போ என்ற வசனம் எல்லாம் வரும் என்று நாம் தயாராக இருப்போம். ஒன்றும் வராது. எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தெரிந்த பெண் நீ என்றல்லவா நினைத்தேன் என்கிறார் அப்பா. நான் எப்படிப்பட்ட பெண் என்று எனக்கே தெரியவில்லை என்கிறாள் ஜூனோ. அதுவரை பேசிய பேச்செல்லாம் போய், குழந்தைபோல நிற்கிறாள். சித்தி அதற்குள் கர்ப்பிணிகளுக்கான சத்து மாத்திரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்.

அப்புறம் ஸ்கேன் எடுக்கும் இடம். குழந்தை தத்துப் போகிறது என்று கேட்டதும் அந்த ஊழியர், இந்த வயது அம்மாக்களிடம் வளர்வது பிள்ளைகளுக்கு எவ்வளவு கேடு என்று பேசுகிறார். பிரென் விடவில்லை, அந்தப் பெண்ணைக் கிழித்து எடுக்கிறார். நான் நகம் அழகுபடுத்துகிறவள், நீ ஸ்கேன் எடுக்கிறவள், அவரவருக்குத் தெரிந்த வேலையை மட்டும் பார்ப்போம் என்கிறார். ஜூனோவுக்கு ஒவ்வாமை என்பதால் நாய் வளர்க்கும் ஆசையை அடக்கி வைத்திருக்கும் சித்தி இவர். சித்தி என்றாலே கொடுமைக்காரி என்று பார்த்துப் பழகிய நமக்கு அலிசன் ஜானியின் நடிப்பு பெரிய ஆறுதல்.

மகளோடு பேச வேண்டிய இடம் தத்தெடுக்க வரும் தம்பதிதான். மனைவி வனெஸ்ஸாவுக்குத் துடைத்து வைத்ததுபோன்ற வீடு, கறாரான பேச்சு. கணவர் மார்க் ஒரு காலத்தில் ராக் குழுவில் இருந்தவர், கித்தார் வாசிப்பார், ஜூனோவோடு பேய்ப்படம் பார்ப்பார். நமக்கும் மார்க்கைத்தான் பிடிக்கும். போகப் போக அந்த நட்பு நெருடத் தொடங்குகிறது. ஒருநாள் வீட்டின் கீழ்த்தளத்தில் இருவரும் மெதுவாக நடனமாடும்போது, மனைவியைப் பிரியப்போவதாகச் சொல்கிறார். ஜூனோ அதிர்ந்துபோகிறாள். அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, அவர் கல்யாணமான ஆள், அந்த எல்லையைக் காக்க வேண்டியவர் அவர்தான். படம் இதை உபதேசமாகச் சொல்லவே இல்லை, நமக்கே வயிற்றைக் கலக்குகிறது.

வனெஸ்ஸாவோ, கடைவீதியில் மண்டியிட்டு ஜூனோவின் வயிற்றில் கை வைக்கிறார். அசைவே தெரியவில்லை, முகம் வாடுகிறது. பேசிப் பாருங்கள் என்கிறாள் ஜூனோ. சுற்றிலும் ஆட்கள் போய்வர, வயிற்றோடு வாய் வைத்துப் பேசுகிறார். குழந்தை உதைக்கிறது. வனெஸ்ஸாவாக நடிக்கும் ஜெனிபர் கார்னரின் முகத்தை அப்போது பாருங்கள். கணவர் போனாலும் குழந்தை வனெஸ்ஸாவிடமே போகிறது.

எனக்கு ஒரு குறை உண்டு. பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்ட துக்கத்தைப் படம் சீக்கிரமே கடந்துவிடுகிறது. பிரசவத்துக்குப் பிறகு ஜூனோ அழுகிறாள், பிள்ளையின் அப்பாவான ப்ளீக்கர் ஓட்டப்பந்தய உடையோடு வந்து கட்டிலில் அவளோடு ஒட்டிப் படுத்துக்கொள்கிறான். அடுத்து கோடைக்காலம், கித்தார், பாட்டு. நிஜத்தில் அந்த வலி இவ்வளவு சுருக்கமாக முடியாது. ஆனால் பையனுக்கு இதில் எவ்வளவு சுலபம் என்பதைப் படம் மறைக்கவில்லை. ஆதாரத்தை நீ ஸ்வெட்டருக்குள் சுமக்கவில்லையே என்று பள்ளியில் அவனிடமே ஜூனோ வெடிக்கிறாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவள் வரும்போது வராந்தாவில் எல்லோரும் விலகி நின்று பார்க்கிறார்கள்.

2008இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் நகரப் பள்ளியில் ஒரே ஆண்டில் பல மாணவிகள் கர்ப்பமானபோது, இந்தப் படத்தையும் காரணம் காட்டினார்கள். அந்த வராந்தாக் காட்சியைப் பார்த்த எந்தப் பெண்ணுக்கும் இப்படி ஒரு நிலை வேண்டும் என்று ஆசை வரும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அமெரிக்காவில் இதற்குப் பிஜி-13 சான்றிதழ், அதாவது பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் காட்டுமுன் பெற்றோர் யோசிக்க வேண்டும். கொச்சையான வசனங்கள் உண்டு, நீங்கள் இருவரும் சமாளித்துக்கொள்ளலாம். பார்த்து முடித்ததும் உபதேசம் எதுவும் வேண்டாம் அக்கா. மார்க்கை அவளுக்கு எந்த இடத்தில் பிடிக்காமல் போனது என்று மட்டும் கேளுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி