தறி நிறுத்தியவர்களுக்கும் குரல் தந்தவர்களுக்கும்

குறுந்தொகையைக் குரலில் ஏற்றும் பணியில் உடனிருந்த அனைவருக்கும், குமாரபாளையத்தில் எங்கள் தெருவில் வாழும் அனைவருக்கும் வணக்கம்.

குறுந்தொகையின் 401 பாடல்களும், பாரதம் பாடிய பெருந்தேவனாரின் கடவுள் வாழ்த்தும் நேற்றிரவு முழுமையாக இணையத்தில் ஏறிவிட்டன. இனி யார் வேண்டுமானாலும் அவற்றைக் கேட்கலாம், இறக்கிக்கொள்ளலாம், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், வகுப்பறையில் ஒலிக்கவிடலாம். அதற்காக எவரிடமும் அனுமதி கேட்கவோ காசு கொடுக்கவோ வேண்டியதில்லை. வைகாசியில், ஒரே இடத்தில் வைத்திருந்த நம் பதிவுகள் அழிந்துபோனதை நான் இங்கே மறுபடி விவரிக்கப்போவதில்லை. இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் அந்த நாட்களில் என்னோடு தொலைபேசியில் இருந்தவர்கள். சிலர் நான் அழுததையும் கேட்டவர்கள். போனவற்றில் பாதிக்கு மேல் என் குரலில் இருந்த பாடல்கள் என்பதும், பள்ளி திறப்பதற்குள் அவற்றைத் திரும்பப் படித்துத் தருவதாகப் பார்வையற்ற மாணவர்களுக்கு நாம் வாக்களித்திருந்தோம் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்த வாக்கு எப்படிக் காப்பாற்றப்பட்டது என்பது என் வீட்டுச் சுவருக்கு அப்பால் இருப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லாமல் இந்த மடலை என்னால் எழுத முடியாது.

எங்கள் தெரு விசைத்தறித் தெரு. காவிரிக் கரையிலிருக்கும் இந்த ஊருக்குச் சோறு போடுவது தறிதான். வீட்டுக்கு இடப்புறம் ஒரு பட்டறை, எதிர்ச்சாரியில் இரண்டு, தெருமுனையில் இன்னும் சில. பகல் ஷிப்டு முடிந்தால் இரவு ஷிப்டு தொடங்கும். ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துத் திரும்பும் ஓசையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது ஓசையாகவே தெரியாது; ஒலிவாங்கிக்கு முன்னால் உட்காரும்போதுதான் அதன் உண்மையான பருமன் தெரியும். இத்தனை ஆண்டுகளாக நான் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாட்களில்தான் படித்துவந்தேன். மின்சாரம் நின்றால் தெருவே நின்றுவிடும். மடிக்கணினியின் மின்கலம் தாங்குகிற மட்டும் படிப்பேன். மாதத்துக்கு ஒரு நாள் என்பது பொறுமையாகச் செய்யும் வேலைக்குப் போதும். வைகாசிக்குப் பிறகு நம்மிடம் அந்தப் பொறுமைக்கு நேரமில்லை.

இரைச்சலைக் கணினியிலேயே நீக்கிவிடலாமே என்று பலர் நல்லெண்ணத்தோடு சொன்னீர்கள். மின்விசிறியின் இரைச்சல் போல ஒரே சீராக இருப்பதை ஆடாசிட்டி போன்ற செயலிகள் பெரிதும் நீக்கிவிடும். தறியின் ஓசை அப்படிப்பட்டதன்று. அது அடி, நொடிக்குள் எழுந்து நொடிக்குள் விழும் அடி. நம் வல்லின எழுத்துகளும் வாயில் அப்படித்தான் வெடித்துப் பிறக்கின்றன. ஆகவே தறியின் அடியை வெட்டப் போனால் செயலி பாட்டின் ககரத்தையும் டகரத்தையும் பகரத்தையும் சேர்த்தே கடித்துவிடுகிறது. "முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்" என்ற ஔவையாரின் அடியை அப்படிச் சுத்தம் செய்து கேட்டபோது, முட்டலும் இல்லை தாக்கலும் இல்லை. சுவரில் மோதிக்கொள்ளத் துடிக்கும் அந்தப் பெண்ணின் குரலிலிருந்து மோதல் மட்டும் போயிருந்தது. அதை வெளியிட எனக்கு மனம் வரவில்லை.

வேறு வழியில்லாமல் வீட்டிலிருந்த இலவம்பஞ்சு மெத்தைகளை ஜன்னல்களில் கட்டினேன். அதைப் பார்த்துத்தான் பக்கத்துப் பட்டறை அக்கா வாசலுக்கு வந்தார். தம் பெயரை எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் அக்கா என்றே எழுதுகிறேன். எங்கள் தெருவில் அவர் எல்லோருக்கும் அக்காதான். மெத்தை எதற்கு என்று கேட்டார். பழைய பாட்டுகளைப் படித்துப் பதிவு செய்கிறேன், கண் தெரியாத பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், தறிச் சத்தம் உள்ளே விழுகிறது என்று, குறை சொல்வதாக ஆகிவிடக் கூடாதே என்ற தயக்கத்தோடு சொன்னேன். அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "எத்தன நேரம் வேணும் கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் இரவு எட்டு மணிக்கு, ஷிப்டு மாறும் வேளையில், அவருடைய பட்டறையின் எட்டுத் தறிகளும் நின்றன. ஒன்பதுக்கு மறுபடி ஓடின. அதற்கடுத்த நாள் எதிர்ச்சாரிப் பட்டறைகள் இரண்டும் அதே வேளையில் நின்றன. அவர் போய்ப் பேசியிருக்கிறார். கடைசிப் பாடல் முடியும் வரை ஒவ்வோர் இரவும் அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கிடைத்தது.

விசைத்தறியைப் பற்றி அறியாதவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்ல வேண்டும். இங்கே கூலி மீட்டர் கணக்கில்தான். தறி ஓடினால் துணி, துணி இருந்தால் கூலி. நின்ற தறிக்கு யாரும் எதுவும் தருவதில்லை. நூல் விலை ஏறுகிற வேகத்தில் நெசவுக் கூலி ஏறுவதில்லை என்பதால், ஒரு மணி நேரத்தை விடுவது என்பது அடுப்பங்கரை வரை வந்து சேரும் இழப்பு. அக்கா அதைத் தம் அனுபவத்தால் குறைத்துப் பார்த்தார். தறிக்கு எண்ணெய் விடுவது, பஞ்சு தட்டுவது, பாவு நூலைப் பிணைப்பது என்று, எப்படியும் தறியை நிறுத்திச் செய்யவேண்டிய வேலைகளையெல்லாம் முடிந்த மட்டும் அந்த நேரத்துக்கு ஒதுக்கினார். அப்படியும் ஈடு கட்ட முடியாத மீட்டர்களுக்கான கூலியை, தம்மிடம் வேலை செய்பவர்களுக்குத் தம் கையிலிருந்தே கொடுத்திருக்கிறார். இதை அவர் சொல்லவில்லை; வேலையெல்லாம் முடிந்தபின், இரவு ஷிப்டில் ஓட்டும் தம்பி ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பணத்தோடு போய் நின்றேன். வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தறிக்குப் பக்கத்தில் நின்றதால் அவருக்குக் காது மந்தம். இந்தத் தெருவில் அந்த வயதில் பலருக்கும் அப்படித்தான். பேச்சைக் காதால் வாங்குவதைவிட முகத்தைப் பார்த்து அறிபவர்களே அதிகம். தமக்குச் சரியாகக் கேட்காத ஒன்றைப் பிறர் தெளிவாகக் கேட்கட்டும் என்று அவர் தறியை நிறுத்தினார் என்பதை நினைக்க நினைக்க, இந்த மடலில் நான் எழுதும் எந்தச் சொல்லும் எனக்குப் போதவில்லை.

ஓர் இரவு அவர் உள்ளே வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அன்று படிக்கவேண்டியிருந்தவற்றில் பதுமனாரின் பாட்டும் இருந்தது.

நள்ளென் றன்றே யாமம் சொல்அவிந்து
இனிதுஅடங் கினரே மாக்கள் முனிவின்று
நனந்தலை உலகமும் துஞ்சும்
ஓர்யான் மன்ற துஞ்சா தேனே.

என்ன பாட்டு என்று கேட்டார். நடுச்சாமம், பேச்சடங்கி எல்லோரும் இனிதாக உறங்கிவிட்டார்கள், இந்தப் பரந்த உலகமே வெறுப்பின்றித் தூங்குகிறது, தலைவனைப் பிரிந்த நான் ஒருத்திதான் தூங்காதிருக்கிறேன் என்கிறாள் என்று, அவர் முகத்தைப் பார்த்து உரக்கச் சொன்னேன். "ஊரே தூங்குதுன்னு யாரு சொன்னா? நம்ம தெருவுல யாரு தூங்குறா?" என்று கேட்டார். பிறகு சற்று நேரம் கழித்து, "ஆனா அந்தப் புள்ளைக்கு அப்படித்தான் தோணியிருக்கும். நோவுல கெடக்கறவங்களுக்கு மத்தவங்க எல்லாம் நல்லா இருக்கற மாதிரிதான் தெரியும்" என்றார். அந்தப் பாட்டுக்கு நான் படித்த எந்த உரையிலும் இதைப் பார்த்ததில்லை. உலகம் உண்மையில் தூங்கியதா என்பதைப் பாட்டு நமக்குச் சொல்லவே இல்லை. தூங்குவதாக அவள் சொல்கிறாள், அவ்வளவுதான். இறுதியடியை இழுத்துப் புலம்பலாகப் படிக்க வைத்திருந்த குரலை விட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே செய்தியைச் சொல்பவளாக அதை நேராகப் படித்தேன். இப்போது இணையத்தில் இருப்பது அந்தப் பதிவு. அது நன்றாக இருப்பதாக உங்களில் சிலர் எழுதியிருந்தீர்கள்; அந்தப் பாராட்டு அக்காவுக்குச் சேர வேண்டியது.

மற்றவர்களுக்கான நன்றியை ஒன்றாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்தருள வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும், தாங்கள் முன்பு படித்த பாடல்களை முணுமுணுப்பின்றித் திரும்பப் படித்து அனுப்பிய அன்பர்களுக்கு நன்றி. தம் கைப்பேசியில் தற்செயலாகத் தங்கிவிட்ட கபிலர் பாடல்களைத் தேடி எடுத்துத் தந்தவர்களுக்கு நன்றி. ஒருவர் படித்ததை வேறொருவர் சொல் சொல்லாகக் கேட்டுப் பிழை பார்க்கும் முறையை, 2005ஆம் ஆண்டில் மாண்ட்ரியல் நகரைச் சேர்ந்த ஹியூ மெக்குவயர் தொடங்கிய, நூல்களைப் படித்து இலவச ஒலிநூல்களாக வெளியிடும் லிப்ரிவாக்ஸ் தன்னார்வலர்களிடமிருந்து நாம் கற்றோம்; அந்தச் செவிப் பணியை இரவும் பகலும் செய்த நம் பிழைதிருத்துநர்களுக்கு, குறிப்பாக நாம் படிக்கும் வேகத்தைப் போல் இருமடங்கு வேகத்தில் கேட்டும் ஒரு ஒற்றெழுத்தைக் கூடத் தவறவிடாத பார்வையற்ற கல்லூரி மாணவருக்கு, நன்றி. "தாங்கலந் தனவே" என்று சீர் பிரித்து அச்சிட்டிருப்பதைத் "தாம் கலந்தனவே" என்று பொருள் விளங்கப் படிப்பதா, ஓசை கெடாமல் படிப்பதா என்று நாங்கள் சண்டையிட்ட போதெல்லாம், பொருளைச் சொல்லிலும் ஓசையை மூச்சிலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று தீர்ப்புச் சொன்ன ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கு நன்றி. 1998ஆம் ஆண்டுப் பொங்கலில் தொடங்கி இன்றுவரை பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி இலவசமாக வைத்திருக்கும் மதுரைத் திட்டத்தாருக்கு நாம் பட்டிருக்கும் கடன் தனி.

இந்த வாரங்களில் ஒன்று என் நினைவை விட்டு அகலவில்லை. குறுந்தொகையின் 380 பாடல்களுக்குப் பேராசிரியர் என்ற பழைய உரைகாரரும், அவர் எழுதாமல் விட்ட 20 பாடல்களுக்கு நச்சினார்க்கினியரும் எழுதிய உரை நமக்குக் கிடைக்கவே இல்லை. நூலை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் தம் உரையோடு அச்சிட்டார். 1937இல், எண்பத்திரண்டு வயதில், உ.வே.சாமிநாதையர் விரிவான உரையோடு பதிப்பித்தார். இருந்தது போனபின் உட்கார்ந்து மறுபடி செய்தவர்களால்தான் இந்த 401 பாடல்களும் பொருளோடு நம் கையில் இருக்கின்றன. நம் பதிவுகள் போன அன்று எனக்கு ஆறுதல் தந்தது இந்த வரலாறுதான்.

பாட்டின் குரல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் நம் நாட்டில் ஒருமுறை எழுந்திருக்கிறது. பாரதியின் பாடல்களை இசைத்தட்டில் பதிக்கும் உரிமை ஒரு காலத்தில் தனியார் கையில் இருந்தது. அதைப் பின்னர் வாங்கி வைத்திருந்த ஏ.வி.மெய்யப்ப செட்டியார் பணம் பெறாமல் விட்டுக்கொடுக்க, 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துகளைப் பொதுவுடைமையாக்கும் வழியைத் திறந்தது. குறுந்தொகைக்கு அப்படி எந்த உரிமையாளரும் இல்லை. ஆனாலும் அதைப் படித்த குரலுக்கு உரிமை கோர முடியும் என்பதால், நம்மில் ஒவ்வொருவரும் அந்த உரிமையை முழுவதுமாக விட்டுக்கொடுத்து ஒப்பமிட்டிருக்கிறோம். இன்னொருவர் நம் பதிவை எடுத்து விற்றால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். விற்கட்டும், இலவசமாகக் கேட்க விரும்புபவருக்கு நம் படி எப்போதும் இருக்கும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இனி எந்தப் பதிவும் ஒரே இடத்தில் இருக்காது என்பதும் என் வாக்கு: ஒவ்வொரு கோப்பும் மூன்று ஊர்களில், மூன்று பேரிடம் இருக்கும்.

நம் பதிவு ஒவ்வொன்றின் கீழும் படித்தவர் பெயரும் பிழை பார்த்தவர் பெயரும் இருக்கின்றன. வைகாசிக்குப் பின் பதிவான என் பாடல்களின் கீழ் இனி மூன்றாவதாக ஒரு வரியும் இருக்கும். "இப்பதிவுக்காகத் தறி நிறுத்தியவர்கள்: குமாரபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள்." அக்காவிடம் இதைக் காட்டினேன், தம் பெயர் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டபின் சம்மதித்தார்.

அடுத்து ஐங்குறுநூறு. ஓரம்போகியார் பாடிய மருதத்தின் நூறு பாடல்களை ஆயுத பூஜை முடிந்ததும் தொடங்கலாம் என்பது எண்ணம். அக்காவின் பட்டறையிடம் இன்னொரு முறை கேட்க எனக்கு மனமில்லை என்பதால், எனக்கான பாடல்களைப் பழையபடி மின்தடை நாட்களிலேயே படிப்பேன். மற்றவற்றைப் பகிர்ந்துகொள்ள முன்வருபவர்கள் புரட்டாசி முடிவதற்குள் எழுதுங்கள்.

நன்றியுடன்,
ஒருங்கிணைப்பாளர்,
குமாரபாளையம்