நீ கேட்ட கேமரா

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, மாடி ஏறுகிறார்.

இத்தனை வருஷமாகக் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவன் நீ. திரையும் இல்லை, பொத்தானும் இல்லை, தீப்பெட்டி மாதிரி இருக்கிற தொழிற்சாலைக் கேமராவுக்கு ஏன் அவ்வளவு விலை என்று கேட்டிருந்தாய். எங்கள் மாத்திரை பேக்கிங் லைனில் அது செய்யும் வேலையைச் சொல்கிறேன். அட்டையில் பதித்த பேட்ச் எண், அதாவது எந்தத் தொகுப்பில் தயாரான மருந்து என்று காட்டும் எண், சரியா என்று பார்ப்பதுதான் அது.

உன் கேமராவில் எப்போது எடுப்பது என்பது உன் விரல் முடிவு. இங்கே மாத்திரை அட்டைதான் கேமராவைக் கூப்பிடுகிறது. அட்டை வருவதைக் கவனிக்கும் ஒரு சென்சாரைக் கடந்ததும் கேமராவுக்கு ஒரு மின்துடிப்பு போகும். அதே கணத்தில் ஷட்டர் திறக்கும், எல்இடி பளிச்சிடும். கன்வேயர் நொடிக்கு 1 மீட்டர் ஓடுகிறது என்று வை. உனக்கு நொடியில் 1/1000 பங்கு நல்ல வேகமான ஷட்டர். ஆனால் அதற்குள் அட்டை 1 மி.மீ. நகர்ந்துவிடும், சின்ன எழுத்தெல்லாம் இழுபட்டுப் போகும். 50 மைக்ரோ நொடி வைத்தால் நகர்வு 0.05 மி.மீ.தான். அந்தத் துளி நேரத்துக்குள் போதிய வெளிச்சம் வேண்டும், அதனால்தான் அவ்வளவு பலமான விளக்கு.

ஓடும் ரயிலிலிருந்து செல்போனில் எடுத்தால் கரண்ட் கம்பங்கள் சாய்ந்து விழுமே, அது செல்போன் கேமராவுக்குள் படத்தைப் பிடிக்கும் சென்சார் வரிசை வரிசையாகப் படிப்பதால் வருவது. இந்தக் கேமராவில் எல்லாப் பிக்சலும் ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் மூடும். குளோபல் ஷட்டர் என்பார்கள். விலையில் ஒரு பங்கு அதற்குத்தான்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வெளிச்சம். அலுமினியத் தாளில் அழுத்திப் பதித்த பேட்ச் எண்ணுக்கு மேலிருந்து விளக்கடித்தால் ஒரே பளபளப்பு, ஒன்றும் தெரியாது. விளக்கைத் தாளின் மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் அடி. சமமான இடத்தில் பட்ட ஒளி லென்ஸுக்கு வராமல் விலகிப் போய்விடும், தாள் கறுக்கும். எழுத்தின் விளிம்புகள் மட்டும் வெள்ளைக் கோடாக எழும்பும். இருட்டறையில் ஒரு அட்டையும் டார்ச்சும் வைத்து நீயே பார்க்கலாம்.

எங்களுடையது கறுப்பு வெள்ளைக் கேமரா. கலர் சென்சாரில் ஒரு பிக்சலுக்கு ஒரு நிறம்தான் கிடைக்கும், மற்றதைக் கணக்குப் போட்டு நிரப்புவார்கள். எழுத்தின் விளிம்பைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டிய எங்களுக்கு அது ஆகாது. படம் சுருக்கப்படாமல் ஈதர்நெட் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகும். எண்ணில் பிழை என்றால் காற்று ஊதி அட்டையை வெளியே தள்ளிவிடும்.

உன் படம் ஒவ்வொன்றும் தனித்து நிற்க வேண்டும். எங்கள் படங்கள் காலையும் இரவும் ஒன்றுபோலவே வர வேண்டும். ஜன்னல் வெயில் கொஞ்சம் உள்ளே விழுந்தாலும் நல்ல அட்டையையும் பிழை என்று இயந்திரம் தள்ளிவிடும். அதனால் கேமராவைச் சுற்றி மறைப்புக் கட்டியிருக்கிறோம். பேட்ச் எண் தெரியாத அட்டை வெளியே போய், பிறகு அந்த மருந்தைத் திரும்பப் பெற வேண்டி வந்தால், அது யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் கவலை எனக்கு எப்போதும் உண்டு.

பொங்கலுக்கு வருவாய்தானே? சின்னப் பொருளைக் கிட்டத்தில் எடுக்கும் உன் பழைய மேக்ரோ லென்ஸை மறக்காமல் எடுத்து வா. அடாப்டர் போட்டு இந்தக் கேமராவில் மாட்டிப் பார்க்க ஆசை.

அன்புடன்,
ரவி