தென்னை நாரும் சிமெண்டும்: செல்வராஜுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் வந்தது. பேத்தி கோவையில் கல்லூரியில் சேர்ந்ததில் ரொம்ப சந்தோஷம். தோப்பில் வெள்ளை ஈ மறுபடியும் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், அதுதான் கவலையாக இருக்கிறது. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வகப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன் என்று வீட்டில் தினமும் அர்ச்சனை நடக்கிறது.

உன் மகன் கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். மில்லில் மிஞ்சும் மஞ்சியை, அதாவது தென்னை நாரை, சிமெண்டில் கலந்து கூரை சீட் போடலாமா, எத்தனை வருஷம் தாங்கும் என்றுதானே கேட்கிறான்? 28 நாள் சோதனையில் நல்ல பலம் வந்ததாம். வரத்தான் செய்யும். 28 நாளில் நார் பெரிதாகக் கெட்டுப்போய்விடாது.

நார் மக்கிவிடும், கரையான் அரிக்கும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கரையானுக்கு அங்கே வேலையே இல்லை. நாரைத் தின்பது சிமெண்டேதான். சிமெண்ட் இறுகும்போது உள்ளேயே சுண்ணாம்பு உண்டாகிறது. கலவைக்குள் தங்கும் ஈரத்தின் பி.எச்., அதாவது கார அளவு, 12.5க்கு மேலே போய்விடும். நாரின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னினையும் ஹெமிசெல்லுலோசையும் அந்தக் காரம் கரைக்கிறது. இன்னொரு பக்கம், சுண்ணாம்பு நாரின் நுண்குழாய்களுக்குள் இறங்கி அங்கேயே கெட்டியாகிவிடுகிறது. அப்புறம் நார் வளையாது, முறியும்.

பிரேசில் ஆய்வாளர் டோலேடோ ஃபில்ஹோவும் கூட்டாளிகளும் 2000இல் வெளியிட்ட ஒரு சோதனையை அவனிடம் சொல். சிசல் கற்றாழை நாரையும் தென்னை நாரையும் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறப்போட்டார்கள். அது கடும் காரம், ஆனால் அதில் சுண்ணாம்பு இல்லை. 420 நாள் கழித்தும் சிசலில் 72.7 சதவீத பலமும் தென்னை நாரில் 60.9 சதவீத பலமும் மிச்சம் இருந்தன. அதே நார்களைச் சுண்ணாம்பு நீரில் போட்டபோது 300 நாளில் பலம் மொத்தமாகப் போய்விட்டது. ஆக, காரத்தைவிட நாருக்குள் படியும் சுண்ணாம்புதான் பெரிய எதிரி.

இதில் கூரை சீட்தான் இருப்பதிலேயே மோசமான இடம். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, ஒவ்வொரு முறையும் சுண்ணாம்பு நீர் நாருக்குள் போய் வரும். உங்கள் பக்கம் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு, கேட்கவே வேண்டாம். சீட் பார்வைக்கு அப்படியே இருக்கும். ஆனால் நார் சேர்த்ததே விரிசல் விட்டாலும் உடையாமல் பிடித்துக்கொள்ளத்தானே? அந்தக் குணம் போய்விட்டால், மேலே ஏறுகிறவன் காலை வைத்ததும் படாரென்று உடையும். எனக்கு அந்தப் பயம்தான்.

அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. சாவ் பாவ்லோவில் தென்னை நார் கலந்த பலகைகளாலேயே சுவர் வைத்து ஒரு வீடு கட்டினார்கள். கலவையில் நார் கனஅளவில் 2 சதவீதம். 12 வருஷம் கழித்துச் சுவரிலிருந்து நாரை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது சேதம் தெரியவில்லை. வெளிச்சுவர் நாரில் மட்டும் உள்சுவர் நாரைவிட லிக்னின் குறைந்திருந்தது. அவர்கள் சாதாரண சிமெண்டைத் தொடவில்லை. இரும்பு உலைக் கசடான ஸ்லாக்கை அரைத்து, 10 சதவீதம் ஜிப்சமும் 2 சதவீதம் சுண்ணாம்பும் சேர்த்து இறுக வைத்தார்கள்.

இன்னொன்றும் கவனித்தார்கள். காற்றிலுள்ள கரியமில வாயு அந்தச் சுவர் முழுக்க ஊறி, காரத்தைத் தணித்திருந்தது. நாமெல்லாம் படித்த பாடத்தில் அது வில்லன், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்க வழிவிடும் என்று. நாருக்கோ அதுவே காவல்! கம்பியையும் நாரையும் ஒரே கலவையில் போட்டு இரண்டுக்கும் நல்லது செய்ய முடியாது என்பது என் கருத்து.

ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹார்டி கம்பெனி ஆஸ்பெஸ்டாஸை விட்டு மரக்கூழுக்கு மாறியபோது வேறு வழியில் போனது. லிக்னினைக் கூழாக்கும்போதே நீக்கிவிட்டு, சிலிக்கா சேர்த்து, அழுத்த நீராவியில் வேகவைத்துச் சுண்ணாம்பைத் தீர்த்துவிடுகிறார்கள். அவ்வளவு பெரிய நீராவிக் கலனுக்கு நீ தோப்பை விற்க வேண்டியிருக்கும், விடு.

உன் மகனால் முடிவது சிமெண்டை மாற்றுவது. கடையில் கிடைக்கும் பி.பி.சி. என்ற கலப்பு சிமெண்டில் ஃப்ளை ஆஷ், அதாவது நிலக்கரிச் சாம்பல், அதிகபட்சம் 35 சதவீதம்தான், சுண்ணாம்பைத் தீர்க்க அது போதாது என்று நினைக்கிறேன். ஸ்லாக் சிமெண்டில் கசடு 70 சதவீதம் வரை இருக்கலாம், வாங்கும்போது எவ்வளவு என்று கேட்டு வாங்கட்டும். பிரேசிலில் சிமெண்டில் பாதியை எடுத்துவிட்டு, மெட்டாகவோலின் மாதிரி சுட்ட களிமண் தூள் சேர்த்து, சுண்ணாம்பே மிஞ்சாத கலவை செய்திருக்கிறார்கள். செங்கல் தூளையும் சேர்த்துப் பார்த்தார்கள். நம் பழைய கொத்தனார்கள் சுர்க்கி என்று போட்டார்களே, கிட்டத்தட்ட அதேதான்.

கூரையை இப்போதைக்கு விடச் சொல். வீட்டுக்குள் தடுப்புச் சுவர்ப் பலகையில் ஆரம்பிக்கட்டும். பலகைகளைத் தண்ணீரில் நனைத்து, வெயிலில் காயவைத்து, திரும்பத் திரும்ப அப்படியே செய்து, அப்புறம் வளைத்து உடைத்துப் பார்க்கட்டும். உடையும் இடத்தில் நார் உருவிக்கொண்டு வந்தால் உயிரோடு இருக்கிறது. கத்தரித்த மாதிரி முறிந்திருந்தால் அந்தக் கலவையைத் தூக்கிப் போடட்டும்.

பொங்கலுக்கு அந்தப் பக்கம் வருகிறேன். நன்றாக அலசிக் காயவைத்த மஞ்சி ஒரு மூட்டை எடுத்து வை. ஸ்லாக் சிமெண்ட் நான் கொண்டு வருகிறேன். தங்கச்சியிடம் என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
ராமு