கண்ணை மூடும் நேரம்

அன்புள்ள கல்யாணி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்து, பழையபடி செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிக்கிறாள். சின்னவன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். வீடு அமைதியாக இருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

நீ எழுதியிருந்த அந்தக் குழந்தையின் நினைவாகவே இருக்கிறேன். மானிட்டரில் எல்லாம் சரியாகக் காட்டும்போதே 'நேற்று மாதிரி இல்லையே' என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. டாக்டரை விடாமல் வற்புறுத்தி வரவைத்திருக்கிறாய். பரிசோதனையில் ரத்தத்தில் கிருமித் தொற்று! எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்கிறாய். உன்னைப் போன்ற நர்ஸ்களிடம் இதையே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக பெத் கிராண்டல் என்ற ஆய்வாளர், பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நீண்ட அனுபவமுள்ள நர்ஸ்களிடம் நடந்த சம்பவங்களை ஒவ்வொன்றாகத் துருவிக் கேட்டார். முதலில் அவர்களும் 'என்னவோ தோன்றியது' என்றுதான் சொன்னார்கள். விடாமல் கேட்கக் கேட்க, தோலின் நிறத்தில் லேசான மாற்றம், பால் குடிப்பதில் சுணக்கம், தொட்டாலும் துவண்டு கிடப்பது என்று ஒவ்வொரு அடையாளமாக வெளியே வந்தது. அவற்றில் சில அன்றைய மருத்துவ நூல்களில்கூட இடம்பெறவில்லை. நீ சொல்லத் தெரியாமல் தவிப்பதும் இந்த மாதிரி அறிவுதான். அதை ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே.

ஆனால் அதே கடிதத்தில், புதிய நர்ஸ்களை எடுக்கும் நேர்காணலைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். 'உள்ளே வந்து உட்காரும்போதே இவள் தேறுவாளா மாட்டாளா என்று தெரிந்துவிடும். குழந்தையைப் பார்த்ததும் தெரிகிற அதே உணர்வுதானே இதுவும்?' என்று கேட்டிருந்தாய். இந்த இடத்தில் மட்டும் எனக்கு உன்னோடு ஒத்துப்போக முடியவில்லை.

வார்டில் உனக்குக் காலையில் ஒன்று தோன்றினால், அது சரியா தப்பா என்று மாலைக்குள் லேப் ரிப்போர்ட் சொல்லிவிடுகிறது. வருஷக்கணக்காக இப்படித் திருத்தித் திருத்தித்தான் உன் கண் பழகியிருக்கிறது. நேர்காணலில் உன்னை யார் திருத்துகிறார்கள்? நீ வேண்டாம் என்று அனுப்பிய பெண் வேறு எங்கோ போய் அருமையான நர்ஸாக ஆகியிருக்கலாம். அது உன் காதுக்கு வரவே வராது. நீ எடுத்தவளுக்கோ நீயே கூட இருந்து சொல்லிக்கொடுக்கிறாய், அவளும் தேறிவிடுகிறாள். உடனே 'பார்த்தாயா, அன்றைக்கே தெரியும்' என்று மனசு சொல்லும். இரண்டு இடத்திலும் உறுதி ஒரே மாதிரிதான் இருக்கும், கல்யாணி. அதனால் அந்த உறுதியை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

டேனியல் கானமன், கேரி கிளைன் என்று இரண்டு உளவியலாளர்கள். முன்னவர் உள்ளுணர்வு எங்கெல்லாம் சறுக்கும் என்று ஆராய்ந்தவர். பின்னவர் தீயணைப்பு வீரர்களின் உள்ளுணர்வைப் பார்த்து வியந்தவர். எதிரெதிர் முகாம். இருவரும் உட்கார்ந்து பேசி 2009இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். பார்க்கிற விஷயத்தில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், அந்த ஒழுங்கைப் பழகிக்கொள்ளப் போதுமான வாய்ப்பும் பதிலும் கிடைத்திருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளுணர்வை நம்பலாம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு. நான் மேலே எழுதியதெல்லாம் அதைத்தான்.

அப்புறம், அந்த முதல் ஐந்து நிமிஷத்தில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பார். நம்மைப் போலவே பேசுகிறவளை, நாம் படித்த இடத்திலேயே படித்தவளை நமக்குப் பிடித்துவிடுகிறது. பிடித்தவள் பதில் சொல்லத் தயங்கினால் நிதானம் என்கிறோம், பிடிக்காதவள் தயங்கினால் மந்தம் என்கிறோம். தீர்ப்பு முதலிலேயே எழுதியாகிவிட்டது. பகுத்தறிவு பிறகுதான் கோப்பைத் தூக்கிக்கொண்டு வக்கீல் மாதிரி வந்து, காரணங்களை வரிசையாக அடுக்குகிறது. இது புத்திசாலிகளுக்கும் நேரும். ஒருவேளை இன்னும் நன்றாகவே அடுக்குவார்கள்.

அதற்காக உள்ளுணர்வை ஓரம் கட்டச் சொல்லவில்லை. கானமனின் இளவயதுக் கதை ஒன்று உண்டு, இதற்காகவே எழுத நினைத்தேன். 1955இல், 21 வயதில், இஸ்ரேல் ராணுவத்தில் ஆள் தேர்வுக்கான நேர்காணலைச் சீரமைக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. அதுவரை நேர்காணல் செய்பவர் சும்மா பேசிப் பார்த்துவிட்டு, இவன் தேறுவானா என்று மொத்தமாக ஒரு முடிவு சொல்வார். அந்த முடிவுகளால் ஏறக்குறைய ஒரு பயனும் இருக்கவில்லை. கானமன் பொறுப்புணர்வு, பழகும் தன்மை என்று ஆறு குணங்களைப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் நடந்ததை மட்டும் கேட்கும் கேள்விகளை எழுதினார். ஒரு குணத்துக்கு மதிப்பெண் போட்ட பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும், மொத்த முடிவைப் பற்றி நினைக்கவே கூடாது என்றார். நேர்காணல் செய்பவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது, எங்களை இயந்திரமாக்குகிறாய் என்று. சரி, இதையெல்லாம் சொன்னபடி செய்யுங்கள், கடைசியில் கண்ணை மூடி அந்தப் பையனைச் சிப்பாயாகக் கற்பனை செய்து, உங்களுக்குத் தோன்றுகிற மதிப்பெண்ணையும் போடுங்கள் என்றார்.

சில மாதம் கழித்துப் பார்த்தால், ஆறு மதிப்பெண்களின் கூட்டு பழைய முறையைவிட நன்றாகவே கணித்திருந்தது. கண்ணை மூடிப் போட்ட மதிப்பெண்ணும் அதற்குச் சமமாக நின்றது! அதே மனிதர்கள், அதே மனசு. முதலில் கேட்டிருந்தால் பிசகியிருக்கும், எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்த பிறகு கேட்டதால் பலித்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அதுதான். உன் உள்ளுணர்வுக்கும் அந்த வாய்ப்பைக் கொடு.

இன்னொன்று, பெற்றோரிடம் பேசுகிறவள் என்பதால் சொல்கிறேன். 1982இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவையா கதிர்வீச்சா என்று டாக்டர்களையும் கேட்டார்கள். அறுவைக்குப் பின் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைப்பார்கள் என்று படித்தவர்கள், பத்துப் பேர் இறப்பார்கள் என்று படித்தவர்களைவிட அதிகமாக அறுவையைத் தேர்ந்தார்கள். கணக்கு ஒன்றுதான், சொன்ன விதம்தான் வேறு. பயந்து நிற்கிற ஒரு தாயிடம் எண்ணைச் சொல்லும்போது இரண்டு பக்கமும் சொல்லிவிடு.

தம்பி வீடு பார்த்து அலைகிறான். தரகர் முதலில் சொன்ன விலை அவன் தலையில் உட்கார்ந்துவிட்டது, எல்லா வீட்டையும் அதோடுதான் ஒப்பிடுகிறான். பார்க்கப் போகும் முன்பே உன்னால் எவ்வளவு முடியும் என்று எழுதி வைத்துக்கொள் என்றேன். எழுதினானா என்று தெரியாது.

அடுத்த நேர்காணல் எப்போது? உன் வார்டுக்கு வருகிற ஒரு நர்ஸிடம் நீ பார்க்க வேண்டிய ஆறு குணங்கள் என்னென்ன? எனக்குப் பொறுமையும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவும்தான் தோன்றுகின்றன. மீதி நாலை நீ எழுது.

அன்புடன்,
சுமதி